கருப்பட்டி விற்கும் இணையதளத்துக்குக் காசு கொடுத்து விளம்பரம் தேவையா?

கேள்வி: 9 மார்ச் 2025

உடன்குடியில் எங்களுக்குக் கருப்பட்டி வியாபாரம். போன வருடம் இணையதளம் ஒன்று போட்டோம். பார்க்க நன்றாக இருக்கிறது, ஆர்டர்தான் வருவதில்லை. சொந்தக்காரர்கள் வாங்கியதைக் கழித்துவிட்டால் மிச்சம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஒரு ஏஜென்சி மாதம் 15,000 ரூபாய் கேட்கிறது. கூகுளில் முதல் பக்கத்தில் கொண்டுவந்துவிடுவார்களாம். என் கருத்து: காசு கொடுத்துச் செய்யும் விளம்பரம் வீண், நிறுத்திய மறுநாளே எல்லாம் நின்றுவிடும். இலவசமாகச் செய்வதுதான் நிலைக்கும். சரிதானா? பத்தமடைப் பாய் விற்கும் அக்கா ஒருவர் இங்கே எழுதுவதாகக் கேள்விப்பட்டேன்.

9 மார்ச், இரவு

எழுதுகிறேன். அந்த ஏஜென்சியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தச் சொல்லைத் தேடினால் முதல் பக்கம்? உங்கள் கடைப் பெயரைத் தேடினால் உங்கள் கடை வருவதற்கு யாருக்கும் 15,000 ரூபாய் தர வேண்டாம். ‘கருப்பட்டி’ என்று மட்டும் தேடினாலும் முதல் பக்கம் என்கிறார்களா, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தர மாட்டார்கள். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறது.

மற்றதை நாளை எழுதுகிறேன்.

10 மார்ச்

நிறுத்தினால் நின்றுவிடும் என்பது உண்மைதான். அதை ஏன் குறையாகச் சொல்கிறீர்கள் என்பதுதான் விளங்கவில்லை. நினைத்தபோது நிறுத்த முடிவதுதான் கட்டண விளம்பரத்தில் எனக்குப் பிடித்ததே. எங்களிடம் மணமக்கள் பெயரை நெய்து தரும் கல்யாணப் பாய்தான் அதிகம் போகிறது. நெய்ய நாள் வேண்டும் என்பதால் முகூர்த்த மாதங்களுக்கு வெகு முன்னாலேயே ஆர்டர் வந்தாக வேண்டும். அந்தச் சமயத்தில் மட்டும் விளம்பரத்தைத் திறப்போம். தறியில் வேலை நிரம்பிவிட்டால் மூடிவிடுவோம். இலவசமாக வருகிற கூட்டத்தை இப்படித் திறந்து மூட முடியாது. வேண்டும்போது வராது, வேண்டாதபோது வந்து நிற்கும்.

இன்னொன்று. காசு கொடுப்பது, கொடுக்காதது என்று இரண்டாகக் கோடு போட்டுப் பிரிப்பதே பழைய பழக்கம். 1998-இல் கோடூ என்ற தேடுபொறிதான் கிளிக்குக்கு இவ்வளவு என்று ஏலம் விட ஆரம்பித்தது. அதிகம் தருபவர் மேலே, குறைவாகத் தருபவர் கீழே, அவ்வளவுதான் விதி. கூகுள் 2000 அக்டோபரில் விளம்பரத்தைத் தொடங்கி, 2002-இல் அந்த விதியை மாற்றியது. ஏலத்தொகையோடு, மக்கள் அந்த விளம்பரத்தை எவ்வளவு கிளிக் செய்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தது. இன்றைக்கும் அடிப்படை அதுதான். தேடியதற்கும் உங்கள் பக்கத்துக்கும் பொருத்தம் இருந்தால் குறைந்த ஏலத்திலும் மேலே வரலாம், பொருத்தம் இல்லாவிட்டால் கூடுதலாகக் கொடுத்தும் கீழேதான். அதாவது நல்ல பக்கம் எழுதும் உழைப்பு, காசு கொடுப்பவருக்கும் தப்பாது.

10 மார்ச், கொஞ்சம் கழித்து

விளம்பரக் கணக்கு திறப்பதென்றால் நான்கு இடங்களில் கைவைக்காமல் தொடங்காதீர்கள். கூகுள் தானாகவே தேர்ந்தெடுத்து வைத்திருப்பவை எல்லாம் கூகுளுக்கு நல்லவை.

இடம்: தமிழ்நாடு என்று குறிப்பிட்டாலும், தமிழ்நாட்டில் இருப்பவர்கள் ‘அல்லது ஆர்வம் காட்டுபவர்கள்’ என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். ராமேஸ்வரம் போக விடுதி தேடும் வடநாட்டுக்காரருக்கும் உங்கள் விளம்பரம் தெரியலாம். அங்கே இருப்பவர்கள் மட்டும் என்று மாற்றுங்கள். வெளியூருக்கும் அனுப்புவீர்கள் என்றால் அந்த ஊர்களைப் பெயர் சொல்லிச் சேருங்கள்.

டிஸ்ப்ளே நெட்வொர்க், அதாவது மற்றவர்களின் தளங்களிலும் செயலிகளிலும் விளம்பரம் காட்டுவது, என்று ஒரு பெட்டி டிக் செய்யப்பட்டிருக்கும். எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகள் விளையாடும் செயலிக்குள் உங்கள் கருப்பட்டி போய் உட்காரும். விளையாட்டில் கைபட்டால் அதுவும் ஒரு கிளிக். கூகுளோடு கூட்டுச் சேர்ந்த பிற தேடல் தளங்களிலும் காட்டும் சர்ச் பார்ட்னர்ஸ் என்ற பெட்டியையும் முதலில் எடுத்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

நான்காவது, பிராட் மேட்ச். நீங்கள் கொடுத்த சொல்லுக்குத் தொடர்புடையது என்று கூகுள் நினைக்கும் தேடலுக்கெல்லாம் காட்டும். நாங்கள் பாய் விற்கப் போட்ட விளம்பரத்துக்கு யோகா பாய், குளியலறை வாசலில் போடும் மிதியடி, காருக்குள் போடும் ரப்பர் விரிப்பு தேடியவர்கள் எல்லாம் வந்து கிளிக் செய்துவிட்டுப் போனார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. கோரைப் பாயைப் பார்த்ததும் திரும்பிவிட்டார்கள், ஆனால் கிளிக்குக்குப் பணம் எடுத்தாகிவிட்டது.

தேடப்பட்ட சொற்களின் பட்டியலைக் கணக்கில் பார்க்கலாம். தினமும் பாருங்கள். வேண்டாத சொற்களை நெகட்டிவ் கீவேர்டு என்று சேருங்கள், அவற்றைத் தேடுபவர்களுக்கு விளம்பரம் தெரியாது. விளம்பரம் நடத்துவதில் பாதி வேலை இந்தக் களையெடுப்புதான்.

11 மார்ச்

மறந்துவிட்டேன்: முன்பணம் கட்டி நடத்தினால் 18% ஜிஎஸ்டி அந்தப் பணத்திலிருந்தே போகும். 1,000 ரூபாய் கட்டினால் விளம்பரத்துக்கு நிற்பது 847 ரூபாய் 46 காசு. யாரோ திருடிவிட்டதாக நினைத்துப் பதற வேண்டாம்.

16 மார்ச்

இலவச வழிகளைப் பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பேசுவதற்கு முன் ஒரு பழைய கதை.

தமிழ் வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டும் தமிழ்மணம் என்ற தளம் 2004-இல் வந்தது. நான் அப்போது சமையல் குறிப்பு வலைப்பதிவு ஒன்று வைத்திருந்தேன். பதிவு எழுதியதும் தமிழ்மணத்தில் இணைப்போம், பின்னர் தமிழிஷ், அதுவே பிறகு இன்ட்லி ஆனது, அங்கும் இணைப்போம். பதிவின் தலையில், படித்தவர்கள் வாக்குப் போடுவதற்கான வாக்குப்பட்டை இருக்கும். ஒரு காசு செலவில்லை. ஆனால் நான் போய் இன்னொரு பதிவருக்கு வாக்குப் போட்டுப் பின்னூட்டம் எழுதினால்தான் அவர் வந்து எனக்குப் போடுவார். மொய் நோட்டுப் போல ஒரு கணக்கு, யார் யாருக்கு எவ்வளவு வைத்தோம் என்று மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். எழுதுவதற்கு ஆன நேரத்தைவிட இந்தச் சுற்றுக்கு ஆன நேரம் அதிகம். கூட்டமும் வந்தது, மறுக்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் என்னைப் போலவே பதிவு எழுதுபவர்கள். சமையல் தேடி வந்த புது ஆள் மிகக் குறைவு. அதே வலைப்பதிவில் யாரும் வாக்குப் போடாத, ‘கொழுக்கட்டை வெடிக்காமல் இருக்க’ என்ற ஒரு பதிவுக்கு மட்டும் பிள்ளையார் சதுர்த்திதோறும் கூகுளிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

அதனால் இலவசத்துக்குள்ளேயே இரண்டு சாதி இருக்கிறது. நாம் ஓயாமல் போய் நின்றால்தான் வரும் கூட்டம் ஒன்று. ஒருவருடைய கேள்விக்குப் பதில் எழுதிவைத்துவிட்டால் தானாக வரும் கூட்டம் இன்னொன்று. முதல் சாதிக்கு உங்கள் நேரம் எரியும். கட்டண விளம்பரம் நிறுத்தினால் நின்றுவிடும் என்று குறை சொன்னீர்களே, அதுவும் நிறுத்தினால் நின்றுவிடுகிற ரகம்தான். ரசீது மட்டும் வராது.

16 மார்ச், இரவு

ஐந்நூறு டைரக்டரிகளில், அதாவது இணையதளங்களின் பட்டியல்களில், உங்கள் தளத்தைச் சேர்த்துத் தருகிறோம் என்று வருகிறவர்களை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். ஒரு காலத்தில் அதற்கு மதிப்பு இருந்தது. யாஹூ டைரக்டரி வருடத்துக்கு 299 டாலர் வாங்கிக்கொண்டு தளங்களைப் பார்வையிட்டது. டிமாஸ் என்ற பட்டியலில் தன்னார்வலர்கள் இலவசமாகச் சேர்த்தார்கள், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். யாஹூ டைரக்டரி 2014 கடைசியிலும் டிமாஸ் 2017 மார்ச்சிலும் மூடப்பட்டன. அதற்கு முன்பே, 2012 ஏப்ரலில், கூகுள் தன் தேடலில் ‘பெங்குவின்’ என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து, விலைக்கு வாங்கிய இணைப்புகளால் மேலே ஏறிய தளங்களைக் கீழே தள்ளியது. இன்னமும் இதை விற்கிறார்கள் என்றால், வாங்க ஆள் இருப்பதால்தான்.

22 மார்ச்

சரி, செய்ய வேண்டிய இலவச வேலைகள்.

சர்ச் கன்சோல் என்ற கூகுளின் இலவசக் கருவியில் இன்றே கணக்கு திறந்துவிடுங்கள். எந்தச் சொல்லைத் தேடியபோது உங்கள் தளம் தெரிந்தது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்று அது சொல்லும்.

கடைக்காரர்களுக்கான கூகுளின் மெர்ச்சன்ட் சென்டரில் பொருள், படம், விலை எல்லாம் ஏற்றினால் கூகுள் ஷாப்பிங் பகுதியில் இலவசமாகவே காட்டும் வசதி 2020 முதல் இருக்கிறது. பின்னால் கட்டண விளம்பரம் கொடுக்கவும் அதே பட்டியல் பயன்படும்.

கூகுள் வரைபடத்தில் உங்கள் கடையைப் பதிவு செய்யுங்கள். திருச்செந்தூர் வந்துவிட்டு உடன்குடியில் கருப்பட்டி வாங்கிப் போகிறவர்கள் கொஞ்சமா? அவர்கள் தளத்தைத் தேட மாட்டார்கள், கடைக்கு வழியைத் தேடுவார்கள். ஊருக்குப் போய் ருசித்த பிறகு தளத்தில் வாங்குவார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் வாட்ஸ்அப். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். இது தெரியாமல், அனுப்பினேன், ஒருவரும் பதில் சொல்லவில்லை என்று நொந்துகொள்பவர்கள் நிறைய. நாங்கள் பார்சலுக்குள் ஒரு சிறிய சீட்டு வைக்கிறோம்: ‘பாயை வெயிலில் நேராகக் காயப்போடாதீர்கள். சந்தேகம் இருந்தால் இந்த எண்ணில் கேளுங்கள், சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.’ விளம்பரம் என்று அதில் ஒரு வரி இல்லை. உங்களுக்கு எழுத இதைவிட விஷயம் இருக்கிறது. மழைக்காலத்தில் கருப்பட்டி கசிந்தால் என்ன செய்வது என்று எழுதினால் யார் தூக்கிப் போடுவார்கள்?

30 மார்ச்

கிளிக்குக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாது, ஒரு கிலோவில் நிற்பதே சொற்பம் என்கிறீர்கள். கணக்குப் போடுவோம். எண்கள் கற்பனை, உங்களுடையதை இட்டுப் பாருங்கள்.

ஒரு கிளிக் 6 ரூபாய். நூறு கிளிக்குக்கு 600. நூறு பேரில் இரண்டு பேர் வாங்கினால், ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 300. அவர் இரண்டு கிலோ வாங்குகிறார், கிலோவுக்கு 80 ரூபாய் நிற்கிறது, ஆக 160. முதல் ஆர்டரில் 140 ரூபாய் நஷ்டம். இங்கேயே பலர் விளம்பரத்தை மூடிவிட்டு, வீண் என்று எழுதுகிறார்கள். அதே ஆள் அந்த வருடத்தில் இன்னும் இரண்டு முறை வாங்கினால் மொத்தம் 480. முந்நூறு போக 180 கையில் நிற்கிறது.

கருப்பட்டி தீரும், திரும்ப வாங்க வேண்டும். கல்யாணப் பாய் வாங்கியவர் திரும்பி வந்தால், வேறு ஏதோ விவகாரம் என்று அர்த்தம். உங்கள் சரக்கு என் சரக்கைவிட விளம்பரத்துக்குத் தோதானது. நீங்கள்தான் அதை வேண்டாம் என்கிறீர்கள், வேடிக்கைதான்.

31 மார்ச்

ஜிஎஸ்டியைப் பற்றி நானே எழுதிவிட்டு நானே கணக்கில் விட்டுவிட்டேன் என்று ஒருவர் சுட்டியிருக்கிறார். கிளிக்குப் பணம் 600 ரூபாய் என்றால் கையிலிருந்து போவது 708, வாங்கும் ஆளுக்கு 354. மிச்சம் 180 இல்லை, 126. அந்த வரியைக் கழித்துக்கொள்ள உங்களுக்கு வழி இருக்கிறதா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள்.

12 ஏப்ரல்

யூடியூப் காணொளிக்கு 20,000 கேட்கிறாராம் ஒருவர், கொடுக்கலாமா என்று கேள்வி.

அவருடைய பழைய காணொளிகளின் கீழே உள்ள பின்னூட்டங்களைப் படியுங்கள். ‘விலை என்ன, எங்கே கிடைக்கும்’ என்று கேட்கிறார்களா, ‘சூப்பர் அண்ணா’ என்று மட்டும் போகிறார்களா? அதில் தெரிந்துவிடும். காசு வாங்கிச் செய்யும் காணொளியில் அது விளம்பரம் என்று தெரியும்படி சொல்ல வேண்டும் என்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021-இல் விதி வகுத்தது. அதைச் சொல்ல மாட்டேன் என்பவரிடம் போகாதீர்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து, சர்க்கரை நோயாளிகள் தாராளமாகச் சாப்பிடலாம் என்று அவர் உணர்ச்சிவசப்பட்டுப் பேசிவிடுவது. கருப்பட்டியும் சர்க்கரைதான். நோயைக் குணப்படுத்தும் என்றெல்லாம் உணவுப் பொருளுக்கு விளம்பரம் செய்ய, 2018-ஆம் ஆண்டின் உணவு விளம்பர ஒழுங்குமுறை இடம் தராது. அவர் பேசினால் பெட்டியில் இருக்கும் பெயர் யாருடையது? பதநீர் இறக்குவது, சுண்ணாம்பு தடவிய கலயம், காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றுவது, இதை அப்படியே காட்டச் சொல்லுங்கள். அதுவே போதும், பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

இதை நீங்களே உங்கள் கைப்பேசியில் எடுக்கலாம் என்றும் தோன்றுகிறது. எடுத்தபின் ஃபேஸ்புக்கில், காசு கட்டிப் பதிவைப் பலருக்குக் காட்டும் ‘பூஸ்ட்’ பொத்தானைத் தட்டிவிட்டு உட்காராதீர்கள். அது பெரும்பாலும் விருப்பக்குறி போடுகிற ஆட்களைத்தான் தேடித் தருகிறது. வாங்குகிற ஆட்கள் வேண்டும் என்றால் முறையான விளம்பரக் கணக்கில் போய், நோக்கம் விற்பனை என்று தேர்ந்தெடுக்க வேண்டும்.

13 ஏப்ரல்

பேச்சு எங்கோ போகிறது, போகட்டும். இணையத்தின் முதல் பேனர் விளம்பரங்களில் ஒன்று 1994 அக்டோபரில் ஹாட்வயர்ட் தளத்தில் ஏடி அண்டு டி என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் கொடுத்தது. ‘இங்கே எப்போதாவது கிளிக் செய்ததுண்டா? செய்வீர்கள்’ என்கிற மாதிரி ஒரு வாசகம். பொருளின் பெயர்கூட இல்லை. புதுமைக்காக மக்கள் வரிந்துகட்டிக்கொண்டு கிளிக் செய்தார்களாம். இன்றைக்கு இதே வாசகத்தைப் போட்டால் வைரஸ் என்று ஓடுவார்கள்.

4 மே

இலவசம்தான் நிலைக்கும் என்பதற்கு இப்போது பதில் எழுதுகிறேன், சில நாளாக மனதில் இருந்தது.

2020 ஜூன் 29-ஆம் தேதி டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்கு அரசு தடை போட்டது. எனக்குத் தெரிந்த பெண் ஒருவர் அதில்தான் ஊறுகாய் விற்றுக்கொண்டிருந்தார். தொடர்ந்து பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில். ஒருவருடைய தொலைபேசி எண்ணும் அவரிடம் இல்லை. ஆர்க்குட், கூகுள் பிளஸ் என்ற சமூக வலைத்தளங்களை 2014-இலும் 2019-இலும் மூடியபோதும் இதே கதைதான். ஃபேஸ்புக் 2018 ஜனவரியில் நண்பர்கள், குடும்பத்தார் பதிவுகளுக்கு முன்னுரிமை என்று மாற்றியதில், கடைகள் வைத்திருந்த பக்கங்கள் கண்ணிலிருந்து மறைந்தன. பக்கம் இருந்தது, பார்வைதான் இல்லை.

காசு கொடுத்துச் செய்வதிலும் இதே ஆபத்து உண்டு. எங்களுக்கு முதலில் விளம்பரம் செய்த ஏஜென்சி, கணக்கைத் தங்கள் மின்னஞ்சலில் திறந்துவைத்திருந்தது. ஒப்பந்தம் முடிந்து விலகியபோது, எந்தச் சொல்லுக்கு ஆர்டர் வந்தது, எது வீண் என்ற வரலாறு முழுவதும் அவர்களோடு போய்விட்டது. எங்கள் பணத்தில் சேர்த்த தகவல். கேட்டதற்கு, அது எங்கள் நிறுவன நடைமுறை என்றார்கள். ஆகவே யாரிடம் வேலை கொடுத்தாலும் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும், அவர்களுக்கு அனுமதி மட்டும் கொடுங்கள்.

5 மே

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, அப்படியென்றால் காசு கொடுத்து எதை வாங்குவது என்று கேட்கிறீர்கள். நான் வாங்கச் சொல்வது அந்தத் தகவலைத்தான்.

சர்ச் கன்சோல் அதை இலவசமாகத் தருகிறதே என்று முன்பு நானே எழுதினேன். ஒரு சிக்கல் இருக்கிறது: உங்கள் தளம் எந்தத் தேடலில் ஏற்கெனவே தலைகாட்டியதோ அதை மட்டும்தான் அது காட்டும். எங்குமே தெரியாத புதுத் தளத்துக்குப் பட்டியல் வெறுமையாகத்தான் இருக்கும். கொஞ்சம் பணம் போட்டு விளம்பரம் ஓட்டினால், மக்கள் என்ன சொல்லித் தேடுகிறார்கள் என்பது ஒரு சில வாரத்தில் தெரிந்துவிடும். அந்தக் கேள்விகளுக்குத் தளத்தில் நல்ல பக்கங்கள் எழுதுங்கள். அவை மேலே வர வர, அந்தச் சொல்லுக்கு விளம்பரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். மாதம் 15,000 எல்லாம் வேண்டாம். தினம் 150, 200 ரூபாயில் தொடங்குங்கள்.

தமிழ் எழுத்திலும் போடுங்கள். கூகுள் விளம்பரம் தமிழை 2018 முதல் ஏற்கிறது. எங்கள் அனுபவத்தில் தமிழ் எழுத்தில் தேடுகிறவர்களுக்கான கிளிக் மலிவு. ரோமன் எழுத்தில் தேடுகிறவர்கள் கருப்பட்டியை ஏழெட்டு விதமாக எழுதுவார்கள், எல்லாவற்றையும் சேருங்கள்.

21 ஜூன்

உங்கள் விளம்பரத்துக்கு வந்த தேடல் சொற்களின் பட்டியலை அனுப்பியதற்கு நன்றி. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில்லுக் கருப்பட்டிக்கு இத்தனை கிளிக் வந்து ஓர் ஆர்டரும் ஏன் இல்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பெயரில் 2019-இல் ஒரு திரைப்படம் வந்தது. வந்தவர்கள் படம் பார்க்க வந்தவர்கள், இஞ்சியும் ஏலமும் போட்ட சில்லு தேடி வந்தவர்கள் இல்லை. படம், பாடல், விமர்சனம், டவுன்லோடு எல்லாவற்றையும் நெகட்டிவில் சேருங்கள்.

உண்மையான சமாச்சாரம் பட்டியலின் நடுவில் இருக்கிறது. ‘ஒரிஜினல் கருப்பட்டி கண்டுபிடிப்பது எப்படி’, ‘கருப்பட்டியில் சீனி கலப்படம்’, ‘கருப்பட்டி உள்ளே வெள்ளையாக இருந்தால்’. வாங்க ஆசை இருக்கிறது, ஏமாந்துவிடுவோமோ என்று பயம் தடுக்கிறது. உங்கள் தளத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. ‘பாரம்பரியம்’, ‘இயற்கை’ என்ற இரண்டு சொற்கள்தான் பக்கத்துக்குப் பக்கம் இருக்கின்றன. கலப்படம் செய்கிறவரும் அதைத்தான் எழுதுவார். உடைத்த கருப்பட்டியின் உட்புறத்தைக் கிட்டத்தில் வைத்துப் படம் எடுங்கள். சீனிப்பாகு சேர்த்ததையும் ஒன்று வாங்கி உடைத்து அருகில் வையுங்கள். உங்கள் அப்பா எதைப் பார்த்துத் தரம் சொல்கிறாரோ அதை அவர் வாயாலேயே சொல்ல வைத்து எழுதுங்கள். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, அதை உங்கள் முதல் பக்கத்தில் எங்கேயும் காணவில்லையே!

3 ஆகஸ்ட்

அந்தக் கலப்படப் பக்கத்துக்கு விளம்பரம் இல்லாமலே ஆட்கள் வருகிறார்கள் என்பது நல்ல சேதி. எங்கே போய் நிற்கிறது என்பதை இன்னும் இரண்டு மூன்று மாதம் விட்டுப் பாருங்கள். தேடல் பக்கத்தின் உச்சியில் இப்போது கூகுளே ஒரு சுருக்கத்தை எழுதிக் காட்டுகிறது. படித்துவிட்டு அப்படியே போய்விடுகிறவர்களும் இருப்பார்கள். உடைத்த கருப்பட்டிப் படம் இருப்பதால் உங்களுக்கு அடி குறைவாக இருக்கும் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல மாட்டேன்.

இந்தப் பருவத்துச் சரக்கு தீரப்போகிறது, விளம்பரத்தை ஓடவிட்டால் அடுத்த பருவம் வரை பெயராவது நிற்குமே என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ‘இருப்பு இல்லை’ என்ற பக்கத்துக்கு ஆள் அழைத்து வர 6 ரூபாய் எதற்கு? தீர்ந்த அன்றே மூடுங்கள். கலப்படப் பக்கத்தின் அடியில், புதுக் கருப்பட்டி வந்ததும் சொல்கிறோம் என்று வாட்ஸ்அப் எண்ணைப் போடுங்கள். சேமித்துவைக்கச் சொல்லவும் மறக்காதீர்கள்.